ஒழுங்கைக் குலைத்துப் பார்ப்பவர்கள்

ஒரு பொருளின் நிலைமாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வதுதான். வடிகட்டுவார்கள், திரும்பத் திரும்பப் படிகமாக்குவார்கள், ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றுவார்கள். வேற்றுப் பொருள் சிறிதளவு கலந்திருந்தாலும் உருகுநிலை நகர்ந்துவிடும். கூர்மையாக நிகழ வேண்டிய மாற்றம் மழுங்கிவிடும். இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரான காரியத்தை 1990-களில் சில ஆய்வகங்கள் செய்தன. நன்கு தூய்மைப்படுத்திய திரவப் படிகத்தில், பெயின்டையும் பற்பசையையும் கெட்டியாக்கப் பயன்படும் சிலிக்காத் தூளை அளந்து கலந்தன. எவ்வளவு கலந்தால் ஒழுங்கு எவ்வளவு கெடுகிறது என்பதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டே போயின.

கெடுப்பதற்கும் காரணம் இருந்தது. நாம் கையாளும் பொருள்களில் குறையற்றது எதுவும் இல்லை. காந்தத்துக்குள் வேற்று அணுக்கள் கிடக்கின்றன. மீகடத்திக்குள் படிகக் குறைகள் கிடக்கின்றன. அந்தக் குறைகள் ஒழுங்கை எப்படிப் பாதிக்கின்றன என்பது திடப்பொருள் இயற்பியலின் பழைய கேள்வி. ஆனால் காந்தத்திலோ மீகடத்தியிலோ குறைகளை மட்டும் நினைத்தபடி கூட்டிக் குறைத்துப் பார்ப்பது கடினம், பல வேளைகளில் கடுங்குளிரும் வேண்டும். திரவப் படிகம் அறை வெப்பநிலைக்குச் சற்று மேலேயே தன் மாற்றங்களையெல்லாம் நடத்திக் காட்டுகிறது. ஒரு லேசர், ஒரு நுண்ணோக்கி, நல்ல வெப்ப அளவி இருந்தால் போதும். குறையின் அளவும் நம் கையில் இருக்கிறது.

இரண்டு முறை உருகிய பொருள்

1888-இல் பிராகு நகரில் தாவரங்களின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த ஃப்ரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்ற பொருள் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 டிகிரி செல்சியசில் அது திடநிலை கலைந்து கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று தெளிந்தது. விளக்கம் தேடி அவர் ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு எழுதினார். ஒளிமுனைவாக்கும் நுண்ணோக்கியில் பார்த்த லேமன், பாயும் தன்மையும் படிகத்தின் ஒளியியல் தன்மையும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதை உணர்ந்தார். இந்த இடைநிலைகளை வகைப்படுத்தி, நெமாட்டிக், ஸ்மெக்டிக், கொலஸ்டெரிக் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஃப்ரீடல், ஆண்டு 1922.

நெமாட்டிக் நிலையில் குச்சி வடிவ மூலக்கூறுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அவற்றின் நீளவாட்டம் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கும். ஆற்று நீரோட்டத்தில் கூட்டமாக மிதந்துவரும் மூங்கில்கள் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்தாலும் ஒரே பக்கமாகக் கிடப்பதைப் போன்ற ஒழுங்கு அது. ஸ்மெக்டிக் நிலையில் இன்னொரு ஒழுங்கு சேர்கிறது: மூலக்கூறுகள் அடுக்குகளாகப் பிரிகின்றன. அடுக்குக்குள் அவை திரவம்போல் அலையும். அடுக்குக்கு அடுக்கு இடைவெளி மட்டும் சீராக இருக்கும்.

இன்றைய ஆய்வுகளின் செல்லப் பிள்ளைகள் சயனோபைஃபீனைல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்தக் குடும்பம்தான் கைக்கடிகாரங்களுக்கும் கால்குலேட்டர்களுக்கும் நிலையான திரைகளைத் தந்தது. ஐந்து கார்பன் வால் கொண்ட 5சிபி சுமார் 35 டிகிரி வரை நெமாட்டிக்காக இருந்து, அதற்கு மேல் சாதாரணத் திரவமாகிறது. எட்டு கார்பன் வால் கொண்ட 8சிபி இன்னும் சுவையானது. சுமார் 34 டிகிரி வரை ஸ்மெக்டிக். அங்கிருந்து ஏறத்தாழ 41 டிகிரி வரை நெமாட்டிக். அதற்கு மேல் தெளிந்த திரவம். மனித உடல் வெப்பத்தையொட்டிய இந்த ஏழு டிகிரி இடைவெளிக்குள் இரண்டு வெவ்வேறு வகை நிலைமாற்றங்கள் அடங்கிவிடுகின்றன.

குச்சிகள்தான் ஒழுங்குபடும் என்ற எண்ணத்தை உடைத்தது பெங்களூரு. ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோர் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். திரவப் படிக இயற்பியலின் வரலாற்றில் இந்தியாவின் பெயர் நிலைபெற்ற இடம் அது.

மென்மையான மாற்றம்

பனிக்கட்டி உருகும்போது கணிசமான வெப்பத்தை விழுங்குகிறது. நெமாட்டிக் தெளிந்த திரவமாகும்போது விழுங்கும் உள்ளுறை வெப்பம் அவ்வளவு இல்லை. அதே பொருள் திடநிலையிலிருந்து உருகத் தேவைப்படுவதில் சில சதவீதம்தான். மாற்றம் திடீரென்று நிகழ்வது உண்மை. திசை ஒழுங்கைச் சுழியிலிருந்து ஒன்றுவரை அளந்தால், தெளிநிலைக்கு, அதாவது தெளிந்த திரவமாகும் வெப்பநிலைக்கு, கீழே வந்ததும் அது சுழியிலிருந்து சுமார் 0.3, 0.4 என்ற அளவுக்குத் தாவுகிறது. ஆனாலும் அந்தத் தாவல் சின்னது. இதனால்தான் இதை வலுக்குறைந்த முதல்வகை மாற்றம் என்கிறார்கள்.

வலுக்குறைந்தது என்றால் சிறு தூண்டலுக்கும் இணங்கிவிடும் என்று பொருள். திசையை வளைப்பதற்கு எதிராக நெமாட்டிக் காட்டும் மீட்சி விசை பத்து பிக்கோநியூட்டன் அளவுக்குள்தான். அறை வெப்பத்தின் அசைவே மூலக்கூறுகளின் பொதுத்திசையை இடைவிடாமல் அலைக்கழிக்கிறது. நெமாட்டிக் பால்போல் கலங்கித் தெரிவதற்குக் காரணம் இந்த அலைவுகள் ஒளியைச் சிதறடிப்பதே. இவ்வளவு மென்மையான ஒழுங்குக்கு அருகில் ஒரு சுவரை வைத்தால் என்ன ஆகும்?

நேரான சுவர்

சுவரின் பேச்சைத் திரவப் படிகம் கேட்கும் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. கண்ணாடியை ஒரே திசையில் தேய்த்துவிட்டு அதன்மேல் நெமாட்டிக்கை வைத்தால், மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே படுத்துக்கொள்ளும். ஷார்ல் மோகான் 1911-இல் இதைப் பதிவு செய்தார். இன்றும் பல திரைகளின் உட்புறத்தில் பாலிஇமைடு பூச்சைத் துணி சுற்றிய உருளையால் தேய்ப்பது இதே நுட்பம்தான். 1927 வாக்கில் ரஷ்ய அறிஞர் ஃப்ரெடெரிக்ஸ் அடுத்த அடியை எடுத்தார். சுவர்கள் ஒரு திசையில் பிடித்து வைத்திருக்கும் படலத்தைக் காந்தப் புலத்தால் திருப்ப முயன்றால், குறிப்பிட்ட வலிமையைத் தாண்டிய பிறகே அது திரும்புகிறது. படலம் மெலியும்போது அந்த வரம்பு உயர்கிறது. நெருக்கமான சுவர்களின் பிடி அவ்வளவு உறுதி.

வேகமும் இதே விதிக்குக் கட்டுப்படுகிறது. புலத்தை நிறுத்தியதும் மூலக்கூறுகள் பழைய திசைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், படலத்தின் தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 5சிபி போன்ற பொருளுக்கு 5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இது சுமார் 30 மில்லிவினாடி. இடைவெளியைப் பாதியாக்கினால் நேரம் கால்பங்காகிறது. தொலைக்காட்சித் திரை செய்பவர்கள் இடைவெளியைக் குறைக்கப் பாடுபடுவதற்கு இதுவே காரணம். இதே கணக்கை 10 நானோமீட்டர் வரை இழுத்தால், திரும்பும் நேரம் ஒரு மைக்ரோவினாடிக்கும் கீழே போக வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். நேரான சுவர்களுக்குப் பதிலாகக் கோணலான துளைகளுக்குள் அடைத்தால் நடப்பது இதற்கு முற்றிலும் வேறானது.

சுவர்கள் நிலைமாற்றத்தையே மாற்றிவிடும் என்று 1976-இல் பிங் ஷெங் கணக்கிட்டுக் காட்டினார். சுவரையொட்டிய மூலக்கூறுகள் தெளிநிலைக்கு மேலேயும் ஓரளவு ஒழுங்குடன் நிற்கும். படலம் போதிய அளவு மெலிந்துவிட்டால், இரு சுவர்களின் ஆதிக்கமும் நடுவில் சந்தித்துவிடும். அப்போது ஒழுங்கின்மைக்கும் ஒழுங்குக்கும் இடையே இருந்த தாவல் மறைந்து, வெப்பநிலை குறையக் குறைய ஒழுங்கு படிப்படியாக ஏறும். எங்கே மாற்றம் நிகழ்ந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நீரும் நீராவியும் மாறுநிலைப் புள்ளிக்கு அப்பால் வேறுபாடு இழப்பதற்கு ஒப்பான நிலை இது.

ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க விதவிதமான துளைகளைத் தேடினார்கள். அலுமினியத்தை மின்வேதி முறையில் ஆக்சைடாக்கிச் செய்யும் அனோபோர் சவ்வு ஒன்று: 60 மைக்ரோமீட்டர் தடிமன், அதை ஊடுருவும் 200 நானோமீட்டர் விட்டமுள்ள இணையான குழல்கள். குழலின் சுவர் மூலக்கூறுகளை எந்தத் திசையில் பிடிக்கிறது என்பதை வேதிப் பூச்சால் தீர்மானிக்கலாம். இத்தகைய குழல்களில் நிலைமாற்றங்கள் சற்றே நகர்கின்றன, மழுங்குகின்றன. அடையாளம் தெரியும்படி இருக்கவே செய்கின்றன.

கோணல் சுவர்

வைக்கர் கண்ணாடி வேறு கதை. போரான் சேர்ந்த கண்ணாடியைச் சூடாக்கி இரு பகுதிகளாகப் பிரியவிட்டு, ஒரு பகுதியை அமிலத்தால் கரைத்து வெளியேற்றினால் மிஞ்சுவது இந்தக் கண்ணாடி. அதற்குள் சுமார் 7 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள் எல்லாத் திசைகளிலும் வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. 5சிபி மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஆக, துளையின் குறுக்கே மூன்று நான்கு மூலக்கூறுகளுக்குத்தான் இடம்.

1993-இல் ஜெர்மானோ இயான்னாக்கியோனே, கிரெகரி க்ராஃபோர்ட், ஸ்லோபோடான் ஜூமர், வில்லியம் டோன், டேனியல் ஃபினொடெல்லோ ஆகியோர் 5சிபியை இந்தத் துளைகளுக்குள் நிரப்பி, டியூட்டீரியம் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வாலும் வெப்ப அளவியாலும் சோதித்தார்கள். நெமாட்டிக் மாற்றத்தின் அடையாளமே காணாமல் போயிருந்தது. வெப்பம் குறையக் குறைய ஒவ்வொரு துளைத்துண்டுக்குள்ளும் தனித்தனியாக ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. துண்டுக்குத் துண்டு திசை மட்டும் வேறுபட்டது. பொருள் முழுவதையும் ஒரே திசைக்குத் திருப்பும் கட்டம் வரவே இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாற்றம் மறைந்ததற்குக் காரணம் துளையின் சிறுமையா, கோணலா? ஷெங் சொன்னதுபோல் நேரான, ஆனால் மிகக் குறுகிய இடமும் மாற்றத்தைக் கரைத்துவிடும். தாறுமாறான திசைகளும் கரைத்துவிடக்கூடும். வைக்கருக்குள் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அடைபட்டிருப்பதும் குழம்பியிருப்பதும் வெவ்வேறு காரியங்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க, கோணலை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டும் வழி வேண்டும்.

தூள் தந்த திருகி

அந்த வழியை ஏரோசில் தந்தது. 7 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா மணிகளைக் கொண்ட தூள் அது; ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 300 சதுர மீட்டர். மணிகளின் மேல் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும். திரவப் படிகத்தைக் கரைப்பானில் கரைத்து, தூளைச் சேர்த்து, மீயொலியால் கலக்கி, கரைப்பானை ஆவியாக விட்டால் திரவப் படிகத்துக்குள்ளேயே மெல்லிய சிலிக்கா வலை ஒன்று உருவாகிவிடுகிறது. கன சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் தூளே போதும். வலையின் கண்கள் அகலமானவை. மூலக்கூறுகளுக்கு இடநெருக்கடி பெரிதாக இல்லை. ஆனால் வலையின் ஒவ்வொரு இழையும் தனக்கு அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையில் இழுக்கிறது. தூளின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தத் தாறுமாறுப் புலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

இதற்கு முன்பே கொலராடோவில் நோயல் கிளார்க், டொமாசோ பெல்லினி முதலானோர் ஏரோஜெல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஏரோஜெல் பெரும்பகுதி வெற்றிடமான சிலிக்கா எலும்புக்கூடு. ஆனால் அதன் கட்டு உறுதியானது, வளையாது, குழப்பத்தின் அளவும் பெரிது. ஏரோசில் வலையோ நொய்மையானது, தேவைப்பட்டால் கொஞ்சம் இணங்கிக்கொடுக்கும். பலவீனமான குழப்பத்தை ஆராய அதுவே ஏற்றது.

பலவீனமான குழப்பம் ஒன்றும் செய்யாது என்றுதான் சாதாரணமாக நினைக்கத் தோன்றும். யோசெஃப் இம்ரியும் ஷாங்-கெங் மாவும் 1975-இல் சொன்ன வாதம் அந்த நினைப்பைக் கலைக்கிறது. ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் தலையும் பூவும் சரிபாதியாக விழாது. பத்து பதினைந்து என்று ஒரு பக்கம் மிகுந்துவிடும். 10,000 முறை சுண்டினால் மிகுதி 100 அளவுக்கு வரும். மிகுதி, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. இப்போது திரவப் படிகத்தில் ஒரு கனசதுரப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் சிலிக்கா இழைகள் ஆளுக்கொரு திசையில் இழுத்தாலும், தற்செயலாக ஏதோ ஒரு திசைக்கு மிகுதி இருக்கும். அந்தப் பகுதி அத்திசைக்குத் திரும்பினால் ஆற்றலில் ஆதாயம். ஆனால் அக்கம்பக்கத்தோடு முரண்பட்டு வளைவதால் ஒரு செலவும் உண்டு. கனசதுரத்தின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் இழைகளின் எண்ணிக்கை 8 மடங்கு. ஆதாயம் 8-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 2.8 மடங்கு. வளைவதற்கான செலவோ 2 மடங்குதான் உயர்கிறது. பகுதியின் அளவை வளர்த்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் ஆதாயம் வென்றே தீரும். குழப்பம் எவ்வளவு பலவீனமானாலும் நீண்டதூர ஒழுங்கு உடைந்துவிடும். பலவீனத்தைப் பொறுத்து, உடையும் தூரம் மட்டும் பெரிதாகும்.

ஸ்மெக்டிக் அடுக்குகளுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் கடுமையானது. லியோ ராட்ஸிஹோவ்ஸ்கியும் ஜான் டோனரும் 1990-களின் பிற்பாதியில் கணக்கிட்டபோது, எவ்வளவு சிறிய குழப்பமானாலும் அடுக்கு ஒழுங்கு முழுப்பொருளுக்கும் நீளாது என்று வந்தது. எக்ஸ் கதிர்ச் சோதனைகள் அதையே காட்டின. ராபர்ட் லெஹனி, ராபர்ட் பர்ஜெனோ முதலானோர் 8சிபி–ஏரோசில் கலவையில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார்கள். தூய 8சிபியில் 3.2 நானோமீட்டர் அடுக்கு இடைவெளிக்குரிய சிகரம் மாற்றப் புள்ளியை நெருங்கும்போது ஊசிபோல் கூர்மையாகிக்கொண்டே போகும். தூள் கலந்ததில் சிகரம் ஓரளவு கூர்மையாகி, பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் அதே அகலத்தில் நின்றுவிட்டது. தூள் கூடக்கூட அந்த அகலம் கூடியது. சிகரத்தின் வடிவமும் தாறுமாறுப் புலக் கோட்பாடு சொன்னபடியே அமைந்தது. அடுக்குகள் இருக்கின்றன, ஆனால் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் ஒரு பகுதியின் அடுக்குகளுக்கும் மற்றொன்றின் அடுக்குகளுக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை.

குழப்பம் தெளிவாக்கியது

இதுவரையிலான கதையைக் கேட்டால் குழப்பம் எல்லாவற்றையும் மழுக்கும் என்ற முடிவுக்கே வருவோம். தன்வெப்ப அளவீடுகள் வேறொன்றைச் சொன்னதால்தான் இந்தத் துறை சுவாரஸ்யமாகிறது.

மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது ஒரு பொருளின் தன்வெப்பம் எவ்வளவு செங்குத்தாக உயர்கிறது என்பதை ஓர் அடுக்கெண் குறிக்கிறது. மூலக்கூறு எது, அணு எது என்பதைப் பற்றி அந்த எண்ணுக்கு அக்கறை இல்லை. ஒழுங்கின் சமச்சீர் எத்தகையது என்பதையே அது சார்ந்திருக்கிறது. ஸ்மெக்டிக் அடுக்குகளை ஓர் அடர்த்தி அலையாகப் பார்க்கலாம்: அதற்கு ஒரு வீச்சும் ஒரு கட்டமும் உண்டு. மீபாய்ம ஹீலியத்தின் ஒழுங்குக்கும் இதே இரண்டுதான். ஆகவே இரண்டுக்கும் ஒரே அடுக்கெண் வர வேண்டும். பியர்-ஜில் த ஜென் 1972-இல் ஸ்மெக்டிக்கையும் மீகடத்தியையும் ஒப்பிட்டு எழுதியதிலிருந்து இந்தக் குடும்ப உறவு பேசப்பட்டு வருகிறது. 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இத்தகைய பார்வைகளே அடிப்படை.

ஹீலியத்தின் எண் மிகத் துல்லியமாகத் தெரியும். புவியீர்ப்பின் தொல்லையைத் தவிர்க்க, 1992-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் வைத்து அளந்தார்கள்: சுமார் −0.013. தூய 8சிபியில் கிடைத்ததோ 0.31. உறவினர்கள் என்றால் ஏன் இவ்வளவு வேறுபாடு? 8சிபியில் நெமாட்டிக் நிலை ஏழு டிகிரிதான் நீடிக்கிறது. ஸ்மெக்டிக் அடுக்குகள் உருவாகும் நேரத்தில் நெமாட்டிக் திசை ஒழுங்கு இன்னும் முற்றியிருக்காது. அடுக்குகள் கூடும்போது திசை ஒழுங்கும் கூடவே உயர்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எண்ணைத் திரித்துவிடுகின்றன.

இயான்னாக்கியோனே, எம்.ஐ.டி.யின் கார்ல் கார்லண்ட் முதலானோர் 1998-இலிருந்து ஏரோசில் கலவைகளை அளந்தபோது அந்த எண் நகர்ந்தது. தூள் கூடக்கூட 0.31 குறைந்துகொண்டே வந்து, ஹீலியத்தின் எண்ணை நோக்கிச் சென்றது. சிலிக்கா வலை நெமாட்டிக் திசையின் அலைவுகளைப் பிடித்து அடக்கிவிட்டது. திசை ஒழுங்கு இணங்கிக்கொடுக்காமல் போகவே, அடுக்கு ஒழுங்கு தன் இயல்பான வடிவில் வெளிப்பட்டது. தூய பொருளில் மறைந்திருந்த அடையாளத்தை அழுக்கு வெளிக்கொண்டு வந்தது.

எக்ஸ் கதிர், ஒழுங்கு தூரம் செல்லவில்லை என்கிறது. வெப்ப அளவியோ மாற்றத்தின் கூர்மையைக் காட்டுகிறது. இரண்டும் முரண் அல்ல. தன்வெப்பம் அக்கம்பக்கத்து ஒழுங்கின் வளர்ச்சியைப் பார்க்கிறது. தூள் குறைவாக இருக்கும்வரை அந்த வளர்ச்சி தூய பொருளில் போலவே பெரும்பகுதி நடந்துவிடுகிறது. எக்ஸ் கதிரின் சிகரம் கடைசிவரை எட்டும் ஒழுங்கைப் பார்க்கிறது. குழப்பம் அடிப்பது அங்கேதான்.

தெளிநிலை மாற்றத்திலும் ஏரோசில் ஒரு புதிரை வைத்தது. தூள் குறைவாக இருக்கும் கலவைகளில் நெமாட்டிக் மாற்றத்தின் ஒற்றைச் சிகரம் நெருக்கமான இரண்டாகப் பிளந்தது. தூள் மிகுந்து வலை விறைத்ததும் மீண்டும் ஒன்றாகி அகன்றது. முதலில் சிலிக்காவிலிருந்து எட்ட இருக்கும் பகுதிகள் ஏறத்தாழத் தூய பொருள்போல் ஒழுங்குபடுகின்றன. பிறகு வலையின் இழுப்பு தன் வேலையைக் காட்டுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

மெதுவும் நினைவும்

முன்னே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நேரான 10 நானோமீட்டர் இடைவெளியில் திசை திரும்பும் நேரம் ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைவு. கோணல் துளைகளில்? பிட்ஸ்பர்க்கில் வால்டர் கோல்ட்பர்க்கின் குழு 1992-இல் சிலிக்கா ஜெல்லுக்குள் 8சிபியை நிரப்பி, சிதறும் லேசர் ஒளியின் மினுமினுப்பைக் கவனித்தது. மினுமினுப்பு அடங்குவதற்குக் குறிப்பிட்ட ஒரு நேரம் என்பதே இல்லை. விரைவானவை, மெதுவானவை, மிக மெதுவானவை என்று நேர அளவுகள் பல பதின்மடங்குகளுக்குப் பரவிக் கிடந்தன. கண்ணாடியாக உறையும் திரவங்களின் போக்கு இது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒவ்வொரு துளைத்துண்டுக்குள்ளும் தன் சுவரோடு மூலக்கூறுகள் வேகமாக ஒத்துப்போகின்றன. அது விரைவான பகுதி. ஆனால் ஒரு துண்டு முழுவதும் திசை மாற வேண்டுமானால் பக்கத்துத் துண்டுகளும் இணங்க வேண்டும். இடையில் ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். மேட்டின் உயரம் துண்டுக்குத் துண்டு வேறுபடும். தாண்டும் நேரமோ உயரத்துடன் அடுக்குக்குறிப் பெருக்கமாக நீள்கிறது. உயரத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் நேரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு வந்துவிடும். அடைப்பு மட்டும் இருந்தால் வேகம். குழப்பமும் சேர்ந்தால் மந்தம்.

மந்தம் நினைவாகவும் மாறுகிறது. ஏரோசில் கலந்த நெமாட்டிக்கை மின்புலத்தால் ஒரு திசைக்குத் திருப்பிவிட்டுப் புலத்தை நிறுத்தினால், தூய நெமாட்டிக்போல் அது முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஒரு பகுதி புது திசையிலேயே நின்றுவிடுகிறது. ஒளி கலங்கலாக இருந்த இடத்தில் தெளிவு நிலைத்துவிடுகிறது. மறக்கச் செய்ய வேண்டுமென்றால் தெளிநிலைக்கு மேலே சூடாக்கி மீண்டும் குளிர்விக்க வேண்டும். 1991-இல் ருடால்ஃப் ஐடன்ஷிங்க், வில்லெம் டி யூ ஆகியோர் இத்தகைய தூள் நிரப்பிய நெமாட்டிக்குகளைத் திரைகளுக்கே பரிந்துரைத்தார்கள். எழுதியதை லேசரின் சூட்டால் அழிக்கவும் வழி காணப்பட்டது.

நினைவுக்குக் குழப்பம் கட்டாயமா என்ற கேள்விக்கு 2011-இல் ஒரு திருப்பம் வந்தது. டகேயாகி அராகி, மார்கோ புஸ்காலியா, பெல்லினி, ஹாஜிமே தனாகா ஆகியோர், சீரான வடிவம் கொண்ட துளைப் பின்னலுக்குள்ளும் நெமாட்டிக் நினைவு வைத்துக்கொள்ளும் என்று காட்டினார்கள். திசை ஒழுங்கு ஒத்துப்போகாத இடங்களில் கோடுகளாக ஓடும் பிழைகள், பின்னலின் கண்களுக்குள் நூல்போல் கோத்துக்கொள்கின்றன. சுவரை ஊடுருவ அவற்றால் முடியாது. ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் போக வேண்டுமானால் கோடு அறுந்து மறுபடி இணைய வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் வெப்ப அசைவுக்கு எட்டாதது. ஆகவே புலம் கோத்த கோலம் அப்படியே கிடக்கிறது. அடைப்பு வேகத்தையே தரும் என்று சற்று முன் சொன்னதற்கு இது ஒரு திருத்தம்: அடைப்பின் வடிவம் வளையங்கள் நிறைந்ததானால், குழப்பம் இல்லாமலே நினைவு பிறக்கிறது.

பயன்பட்ட அழுக்கு

இந்த அறிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. அலுவலகங்களில் பொத்தானை அழுத்தினால் தெளியும் கண்ணாடித் தடுப்புகளைப் பார்த்திருப்போம். பாலிமர் படலத்துக்குள் மைக்ரோமீட்டர் அளவுத் துளிகளாக அடைக்கப்பட்ட நெமாட்டிக்தான் அதன் உள்ளடக்கம். மின்சாரம் இல்லாதபோது துளிக்குத் துளி திசை வேறு; ஒளி சிதறிக் கண்ணாடி பால்நிறமாகிறது. மின்சாரம் பாய்ந்ததும் எல்லாத் துளிகளும் ஒரே பக்கம் திரும்ப, துளியின் ஒளிவிலகல் எண்ணும் பாலிமரின் எண்ணும் ஒத்துப்போய் ஒளி தடையின்றிக் கடக்கிறது. டோனும் அவருடைய கென்ட் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினரும் 1986-இல் இதை விளக்கினார்கள். ஒழுங்கின்மையைப் பொத்தானால் கூட்டிக் குறைக்கும் கருவி இது.

நீலநிலை இன்னொரு சான்று. சுருளும் இயல்புள்ள திரவப் படிகங்கள் தெளிநிலைக்குச் சற்றுக் கீழே, ஒரு டிகிரி அளவுக்குள், பிழைக்கோடுகளே வலைப்பின்னலாக அடுக்கப்பட்ட விசித்திரமான நிலையை எடுக்கின்றன. வெப்பநிலை சிறிது மாறினால் கலைந்துவிடும். 2002-இல் ஜப்பானில் ஹிரோட்சுகு கிகுச்சியின் குழு, நீலநிலைக்குள்ளேயே சிறிதளவு பாலிமரை உருவாக்கியது. பாலிமர் பிழைக்கோடுகளின் உள்ளேயே சென்று குடியேறியது. பிழைகளைத் தாங்கும் ஆற்றல் செலவு குறைந்துவிட்டதால், அந்த நிலை 60 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்ப இடைவெளியில் நிலைத்து நின்றது. குறையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஒழுங்கைக் காக்கவும் செய்யும்.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, குறை என்ற ஒரே தலைப்பின்கீழ் பல வேறு செயல்கள் ஒளிந்திருப்பது புலப்படுகிறது. நேரான சுவர் ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறது, வேகமாக்குகிறது. கோணல் சுவர் நீண்டதூர ஒழுங்கை உடைக்கிறது, மந்தமாக்குகிறது. வளையங்கள் நிறைந்த பின்னல் நினைவு வைக்கிறது. மெல்லிய வலை, ஓர் ஒழுங்கை அடக்கி மற்றொன்றைத் தெளிவாக்குகிறது. பிழைக்குள் குடியேறிய பாலிமர் நிலையைக் காப்பாற்றுகிறது. ஆகவே ஒரு பொருளில் எத்தனை சதவீதம் குறை இருக்கிறது என்று கேட்பது மட்டும் போதாது. அந்தக் குறை எந்த ஒழுங்கைப் பிடிக்கிறது, எவ்வளவு தூரம் வரை பிடிக்கிறது, இணங்கிக்கொடுக்குமா என்றும் கேட்டாக வேண்டும். மீகடத்திகளிலும் காந்தங்களிலும் தனித்தனியாகக் கேட்க முடியாத இந்தக் கேள்விகளை, 34 டிகிரிக்கும் 41 டிகிரிக்கும் இடையே மேசைமேல் வைத்துக் கேட்க முடிந்ததே 8சிபியும் ஒரு சிட்டிகைத் தூளும் தந்த பலன்.